வளர்ந்த நாய் வீட்டோடு ஒட்டுமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இரண்டாவது மாடி ஃபிளாட் எங்களுடையது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பகலில் மாமியார் இருப்பார். எட்டு வயது மகள் மூன்று மணிக்கு வந்துவிடுவாள். ஷெல்டரில் மூன்று வயதுப் பெண் நாட்டு நாய் ஒன்றைப் பார்த்தோம். மூலையில் சாதுவாகப் படுத்திருந்தது. “வளர்ந்த நாய் ஒட்டாது, குட்டியாகப் பாருங்கள்” என்கிறார் மாமியார். அழைத்து வரலாமா?
– ஒரு வாசகி

பதில்: தாராளமாக அழைத்து வாருங்கள். வளர்ந்த நாயும் நன்றாக ஒட்டும். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் குட்டியை வளர்ப்பதுதான் சிரமம். நடுராத்திரியில் எழுந்து வெளியே கொண்டுபோக வேண்டும், கடித்துக் குதறும் செருப்புகளுக்குக் கணக்கே இருக்காது.

‘சாதுவாகப் படுத்திருந்தது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். பயந்த நாயும் அப்படித்தான் படுத்திருக்கும். வாலைக் கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொள்ளும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெள்ளைவிழி தெரிய ஓரக்கண்ணால் பார்க்கும். பசியில்லாமலே உதட்டை நக்கும். வேகவைத்த கோழித்துண்டை நீட்டினால் வாங்காது. பயம் இருந்தால் எடுக்கக் கூடாது என்பதில்லை, கூடுதல் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். வெவ்வேறு நேரங்களில் மூன்று முறையாவது போங்கள். ஒருமுறை மகளும் மாமியாரும் வரட்டும். கூண்டுக்கு வெளியே கால்மணி நேரம் நடத்திப் பாருங்கள். சோறு வைக்கிறவரிடம், சாப்பிடும்போது தட்டைத் தொட்டால் உறுமுமா, குழந்தைகளிடம் எப்படி என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

தடுப்பூசி அட்டையில் ரேபிஸ் ஊசித் தேதி இருக்க வேண்டும். காது நுனி சிறிதாக வெட்டப்பட்டிருந்தால் கருத்தடை முடிந்தது என்று பொருள். ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். உண்ணி கடித்து வரும் ‘டிக் ஃபீவர்’ தெருவிலிருந்து வந்த நாய்களிடம் அதிகம். வெளியே தெரியாமலே உடம்பில் இருக்கும்.

நாய் தொலைந்துபோகும் ஆபத்து முதல் வாரத்தில்தான் மிக அதிகம். நாட்டு நாய்க்குத் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே பருமன். ஆட்டோ ஹாரன் கேட்டுப் பின்னால் இழுத்ததென்றால் கழுத்துப்பட்டை காது வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும். அதனால் இரண்டு கயிறு போடுங்கள்: ஒன்று கழுத்துப்பட்டையில், மற்றொன்று நெஞ்சைச் சுற்றிக் கட்டும் ஹார்னெஸில். ஹார்னெஸுக்கும் உடம்புக்கும் இடையில் இரண்டு விரல் மட்டும் நுழையலாம். போன் நம்பர் பொறித்த வில்லையை ஷெல்டரிலேயே மாட்டிவிடுங்கள். கார் கதவைத் திறக்கும்முன் கயிற்றின் வளையம் உங்கள் மணிக்கட்டில் இருக்கட்டும். பால்கனிக் கம்பி இடைவெளியில் அதன் தலை நுழையுமா என்று முன்பே பாருங்கள்.

வந்த அன்று குளிப்பாட்ட வேண்டாம், உறவினரையும் கூப்பிட வேண்டாம். குக்கர் விசில், மிக்ஸி, லிஃப்ட், வழுக்கும் டைல்ஸ் எல்லாமே அதற்குப் புதிது. ஹால் மூலையில் பாய் விரித்து விட்டுவிடுங்கள். மகள் கட்டிப்பிடிக்காமல், சற்றுத் தள்ளித் தரையில் பக்கவாட்டில் உட்காரட்டும். அதுவாக வந்து மோந்து பார்க்கும். ஐந்து நாள் ஷெல்டர் சாப்பாட்டையே கொடுங்கள். பிறகு ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு வரும். சிமென்ட் தரையில் இருந்து பழகிய நாய்க்கு ஹாலும் கழிப்பிடம்தான். எழுந்ததும், சாப்பிட்டதும், தூங்கப்போகும் முன்னும் என ஐந்து முறை மண் தரைக்கு அழைத்துப்போங்கள்.

இரண்டு மூன்று வாரம் கழித்துக் குரைப்பு, சோபாவில் ஏறுவது என்று புதிய பழக்கங்கள் தெரியும். பயம் தெளிந்துவிட்டதற்கு அடையாளம் அது. “இது வேறு நாய் மாதிரி இருக்கிறதே” என்று திருப்பிக்கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள், பாவம். உறுமினால் அடிக்கவோ அதட்டவோ கூடாது. ‘தள்ளிப்போ’ என்று அது தெளிவாகச் சொல்லும் வழி அது; அதை அடக்கினால் அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கலாம். மகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

அசோசியேஷன் தடுத்தால், செல்லப்பிராணி வளர்ப்பதைக் குடியிருப்போர் சங்கம் தடை செய்ய முடியாது என்ற இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதலைக் காட்டுங்கள். மாநகராட்சி உரிமமும் வாங்கிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை அழைத்து வந்து, ஒரு வாரம் லீவு போட முடிந்தால் நல்லது. காலைச் சாப்பாட்டை முதல் நாளிலிருந்தே மாமியார் கையால் வைக்கச் சொல்லுங்கள்; பகலெல்லாம் அதோடு இருக்கப்போவது அவர்தான்.