ஒன்பதாம் வசனத்தோடு நிறுத்திவிடலாமா?

கேள்வி: எங்கள் ஜெபக்கூட்டத்தில் பேசிய போதகர் ஒருவர் பவுல் எழுதிய எபேசியர் 2:8, 9 வசனங்களை வாசித்து, கிரியைகளால் ஒரு பயனும் இல்லை என்றார். அடுத்த வாரம் வந்தவர் யாக்கோபு 2:24-ஐ எடுத்துக்கொண்டு, கிரியை இல்லாவிட்டால் இரட்சிப்பே இல்லை என்றார். முப்பது ஆண்டுகளாக ஞாயிறு பள்ளியில் கற்பித்துவரும் எனக்குக் குழப்பமாயிருக்கிறது. பவுலும் யாக்கோபும் முரண்படுகிறார்களா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: சகோதரி, முதலில் அந்த எபேசியர் வசனத்தின் வேற்றுமை உருபுகளைக் கவனியுங்கள். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று நம் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு சொல்கிறது. கிருபைக்கு 'ஆல்', விசுவாசத்துக்குக் 'கொண்டு'. மூலமொழியான கிரேக்கத்திலும் இந்த வேறுபாடு இருக்கிறது. வாளியைக் கொண்டுதான் கிணற்றிலிருந்து இறைக்கிறோம். ஆனால் பயிர் பிழைப்பது தண்ணீரால். விசுவாசத்தையே ஒரு சாதனையாக்கி, "என் விசுவாசம் என்னைக் காப்பாற்றியது" என்று மார்தட்டுகிறவர், வாளியைத் தண்ணீர் என்று எண்ணிக்கொள்கிறார். தொடர்ந்து வரும் "இது உங்களால் உண்டானதல்ல" என்பதிலுள்ள 'இது' கிரேக்கத்தில் அஃறிணைப் பாலில் உள்ளது. கிருபை, விசுவாசம் ஆகிய இரண்டும் அங்கே பெண்பாற் சொற்கள். ஆகவே 'இது' அவற்றுள் ஒன்றை மட்டும் சுட்டாமல், இரட்சிக்கப்பட்ட அந்த முழுச் செயலையும் சுட்டுகிறது என்று கொள்வதே பொருத்தம்.

உங்கள் போதகர் ஒன்பதாம் வசனத்தோடு நிறுத்தியதுதான் குறை. பவுல் அங்கே மூச்சுவிடக்கூட நிற்கவில்லை; "ஏனெனில், நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டு" என்று பத்தாம் வசனத்துக்குப் போய்விடுகிறார். ஒன்பதில் "கிரியைகளினால்" அல்ல என்றவர், பத்தில் நற்கிரியைகளைச் "செய்கிறதற்கு" என்கிறார். 'ஆல்' என்பது காரணம், 'கு' என்பது நோக்கம். உங்கள் முப்பது ஆண்டு ஞாயிறு பள்ளி ஊழியம் முதலாவதில் சேராது. இரண்டாவதில் தாராளமாகச் சேரும்.

இனி யாக்கோபு. அவரும் பவுலும் ஆபிரகாமையே சாட்சிக்கு அழைக்கிறார்கள், ஆனால் அவருடைய வாழ்வின் வெவ்வேறு கட்டங்களிலிருந்து. ரோமர் 4-இல் பவுல் எடுத்துக்கொள்வது, ஆபிரகாம் விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்கிற ஆதியாகமம் 15:6. ஆபிரகாமுக்கு அப்போது 86 வயதுகூட ஆகவில்லை. விருத்தசேதனம் என்ற சடங்கு நடந்ததோ 99-ஆம் வயதில். சடங்குக்கு முன்பே அவர் நீதிமானாக எண்ணப்பட்டார் என்பதே பவுலின் வாதம். ரோமர் 3:28-இல் அவர் மறுக்கிற கிரியைகளும் வெறும் நற்செயல்கள் அல்ல, "நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்", அதாவது மோசேயின் சட்டம் கட்டளையிட்டவை. யாக்கோபு அதே 15:6-ஐ மேற்கோள் காட்டினாலும், அது நிறைவேறிய இடமாக, ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட முன்வந்த 22-ஆம் அதிகாரத்தைக் காட்டுகிறார். அங்கே ஆபிரகாம் நூறு வயதைத் தாண்டியவர். ஈசாக்கு விறகு சுமக்குமளவுக்கு வளர்ந்துவிட்டான். விதைத்த நாளைப் பவுல் பேசுகிறார், விளைந்த நாளை யாக்கோபு பேசுகிறார்.

'விசுவாசம்' என்ற சொல்லும் இருவருக்கும் ஒன்றல்ல. யாக்கோபு கண்டிக்கிற விசுவாசம், "பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன" என்று அவரே சொல்லுகிற வகையைச் சேர்ந்தது. அதாவது தேவன் ஒருவர் உண்டு என்று ஒப்புக்கொள்வதோடு முடிந்துபோவது. உடுக்கத் துணியும் அன்றாட ஆகாரமும் இல்லாத ஒருவரிடம், ஒன்றும் கொடாமல், சமாதானத்தோடே போங்கள் என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புவதை அதற்கு உதாரணமாகக் காட்டுகிறார். பவுலும் இதை விசுவாசம் என்று ஏற்கமாட்டார். "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்" என்று கலாத்தியர் 5:6-இல் எழுதியவர் அவரே. 1522-இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் வெளியிட்ட மார்ட்டின் லூத்தர், முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்று தாழ்த்தினார். அது அவசரத் தீர்ப்பு என்பது என் எண்ணம். ஆனால் அவர் வழிவந்த லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டு, நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்றும், நாம் பெறுகிற பரிசுத்த ஆவியானவரே நற்கிரியைகளுக்கு நம்மை அழைக்கிறார் என்றும் சேர்ந்து அறிக்கையிட்டன.

கேள்வி: சாகிற நேரத்தில் மனந்திரும்புகிறவருக்கும் அதே இரட்சிப்பு என்றால், வாழ்நாளெல்லாம் உழைத்தவருக்கு அது அநியாயம் அல்லவா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: மத்தேயு 20-இல் இயேசு சொன்ன திராட்சத்தோட்ட உவமையில், வெயிலில் நாள் முழுதும் உழைத்தவர்கள் கேட்டதும் இதுவே. கடைசியாகச் சிலர் வேலைக்கு அமர்த்தப்பட்ட பதினோராம் மணி என்பது ஏறக்குறைய மாலை ஐந்து. அந்த ஒரு மணி வேலைக்குக் கணக்குப் பார்த்தால் பன்னிரண்டில் ஒரு பங்குதான் கிடைத்திருக்கும். ஒரு நாள் கூலியை நம்பியிருந்த வீட்டில் அன்றிரவு அடுப்பு எரிந்திருக்காது. எஜமான் முழுப் பணத்தையும் கொடுத்தான். காலையில் வந்தவர்களின் கூலியில் ஒரு காசும் குறையவில்லை. பேசிய கூலி அவர்கள் கையில் இருந்தது. "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?" என்று எஜமான் கேட்கிறான். அதற்கு அந்த வேலைக்காரன் என்ன பதில் சொன்னான் என்று மத்தேயு எழுதவில்லை.