அப்பாவின் குரல் – கடிதம்

வணக்கம் ஐயா,

என் அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வயது 71. எங்கள் ஊரில் நடந்த மருத்துவ முகாமில் அவரை ஒரு பத்தி வாசிக்கச் சொல்லி ஃபோனில் பதிவு செய்திருக்கிறார்கள். குரலை வைத்தே சர்க்கரை, நடுக்குவாதம் எல்லாம் கண்டுபிடிக்கும் ஏஐயாம். ஊசி இல்லை, காசும் இல்லை. அப்பாவுக்கு ஒரே பெருமை, இரண்டு முறை வாசித்தாராம். எனக்குத்தான் உறுத்துகிறது. நான் பத்தாம்பசலியா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இல்லை. ஆனால் இது கிளிஜோசியமும் இல்லை. பார்க்கின்சன் எனப்படும் நடுக்குவாதம் வந்தவர்கள் பலருக்கும் குரல் தணிந்து, ஏற்ற இறக்கம் போய்த் தட்டையாகிவிடும். அனுபவமுள்ள மருத்துவருக்குக் காதாலேயே சந்தேகம் வந்துவிடும்.

சர்க்கரை விஷயம் அவ்வளவு உறுதியில்லை. 2023-இல் க்ளிக் லேப்ஸ் என்ற கனடா நிறுவனம் இந்தியாவில் 267 பேரின் குரலை ஆராய்ந்து, பெண்களிடம் 89 சதவீதமும் ஆண்களிடம் 86 சதவீதமும் சரியாகச் சொன்னதாக அறிவித்தது. அந்த 267-இல் சர்க்கரை உள்ளவர்கள் 75 பேர்தான். குரலோடு வயது, உயரம், எடையையும் சேர்த்தே கணக்குப் போட்டார்கள். வயதையும் எடையையும் சொன்னால் எங்கள் தெரு மருந்துக்கடைக்காரரே பாதி சொல்லிவிடுவார்.

பிரிட்டனில் நடந்தது இன்னும் சுவாரசியம். கொரோனா காலத்தில் அரசின் சுகாதார முகமையும் ஆலன் டூரிங் ஆய்வு நிறுவனமும் 67,842 பேரின் இருமலையும் பேச்சையும் பரிசோதனை முடிவோடு சேர்த்து ஆராய்ந்தன. முதலில் இயந்திரத்துக்கு 0.85 மதிப்பெண். 1 என்றால் அப்பழுக்கில்லாமல் சரி, 0.5 என்றால் காசு சுண்டிப்பார்ப்பது. வயதும் அறிகுறிகளும் ஒத்தவர்களை ஜோடி சேர்த்துச் சோதித்ததும் அது 0.62 ஆகிவிட்டது. இயந்திரம் பெரும்பாலும் பிடித்தது கொரோனாவை அல்ல, யாருக்கு உடம்பு முடியவில்லை என்பதை. அதற்கு, “இருமல் இருக்கா, வாசனை தெரியுதா?” என்று ஆளையே கேட்டிருக்கலாம். வெறும் கேள்விப்பட்டியலை இயந்திரத்தால் முந்த முடியவில்லை.

என் குறை இந்தக் கேட்காமையில்தான். ரத்தம் கொடுக்க நான் கையை நீட்ட வேண்டும், வேண்டாமென்றால் மடக்கிக்கொள்வேன். குரலை மடக்க முடியாது. கால்சென்டருக்கு ‘ஹலோ’ சொன்னாலே போயிற்று. கூகுள் 2024-இல் அறிவித்த ‘ஹியர்’ என்ற ஏஐ, பொதுவெளியில் கிடந்த யூடியூப் காணொளிகளின் ஒலித்துண்டுகளில் பழகியது. துண்டுகள் 30 கோடிக்கு மேல். யார் வீட்டு விசேஷத்தில் எந்தச் சித்தப்பா இருமினாரோ! காசநோய் கண்டறிய அது உதவலாம், நல்லதுதான். ஆனாலும் சித்தப்பாவை யாரும் கேட்கவில்லை.

கேட்டுச் செய்ய முடியாததல்ல. அமெரிக்காவின் பிரிட்ஜ்2ஏஐ குரல் திட்டம் சம்மதம் வாங்கிக்கொண்டு பதிவுசெய்கிறது. முதலில் வெளியிட்ட 306 பேரின் தரவில் மூலக் குரல் இல்லை, அதிலிருந்து எடுத்த அலைப்படங்களும் அளவுகளும்தான். நம் நாட்டில் 2011-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் உடல்நலத் தகவலைத் தனி வகையாக வைத்தன. 2023-இல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தத் தனி வகை இல்லை. சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையை எழுதிவைத்திருக்கிறார்கள், சரி.

முகாம் நடத்தியவர்களுக்கு ஃபோன் போட்டு, பதிவு யாரிடம் இருக்கிறது, காப்பீட்டுக்காரர்களுக்குப் போகுமா, அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா என்று கேளுங்கள். நீங்கள் அல்ல, அப்பாவே கேட்கட்டும். வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்ட குரல் அல்லவா. சர்க்கரைக்கு, சாப்பிடும் முன் ஒரு முறை, பின் ஒரு முறை ரத்தம் பார்த்துவிடுங்கள்.