கோபத்தில் சொன்ன சொல் வழக்கானால்: வழக்கறிஞரின் பதில்கள்

செந்தூல் வாசகி: கார் நிறுத்தும் தகராறில் பக்கத்து வீட்டுக்காரரிடம் என் தம்பி, "வெட்டிப் போட்டுவிடுவேன்" என்று கத்திவிட்டான். போலீஸ் விசாரணைக்கு அழைத்திருக்கிறது. சிறைதானா?

பதறாதீர்கள் அம்மா, ஆனால் அலட்சியமும் வேண்டாம். மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 506-ஆவது பிரிவில் சாதாரண மிரட்டலுக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கொல்வேன், கை காலை முறிப்பேன், வீட்டைக் கொளுத்துவேன் என்றால் சிறை 7 ஆண்டு வரை ஏறும். உங்கள் தம்பியின் சொல் இந்த இரண்டாம் வகையில் விழக்கூடியது.

வழக்கின் உயிர்நாடி நோக்கம். பயமுறுத்தும் எண்ணத்தோடுதான் சொன்னான் என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். கையில் கத்தி இருந்ததா? பக்கத்து வீட்டுக்காரர் பயந்து கதவைச் சாத்தினாரா, பதிலுக்குக் கத்தினாரா? சத்தம் போட்டுவிட்டு உடனே தம்பி வீட்டுக்குள் போய்விட்டானா? இன்றே தாளில் எழுதி வையுங்கள். வாசல் கேமராப் பதிவு அழிவதற்குள் நகல் எடுங்கள். குற்றம் உறுதியானாலும், இதற்கு முன் எந்த வழக்கும் இல்லாதவனை நன்னடத்தைப் பிணையில், அதாவது ஒழுங்காக நடப்பேன் என்ற உறுதியின் பேரில் சிறைக்கு அனுப்பாமல், விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

சமாதானம் பேசுகிறோம் என்று இரவில் அவர் கதவை மட்டும் தட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அதுவே இரண்டாவது புகாராகிவிடும். அவர் மனம் மாறிப் புகாரை மீட்க நினைத்தாலும், வழக்கைத் தொடர்வதா என்பது அரசுத் தரப்பின் முடிவு.

பட்டர்வொர்த் வாசகர்: சம்பள பாக்கிக்காகத் தொழிலாளர் இலாகாவுக்குப் போவேன் என்றேன். மிரட்டுகிறாய் என்கிறார் முதலாளி.

தாராளமாகப் போங்கள். சட்டவிரோதமான தீங்கைச் சொல்லி அச்சுறுத்தினால்தான் மிரட்டல். உரிமையைக் கேட்பது குற்றமே அல்ல.

பிரிக்பீல்ட்ஸ் இளைஞர்: என் கைப்பேசியிலிருந்து நண்பன் மிரட்டல் செய்தி அனுப்பிவிட்டான்.

இது சிக்கலானது, தம்பி. 2012-இல் சாட்சியச் சட்டத்தில் சேர்ந்த 114ஏ பிரிவின்படி, எண் உங்கள் பெயரில் இருந்தால் அனுப்பியது நீங்களே என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லையென்று காட்டும் சுமை உங்களுடையது. செய்தியை அழித்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் எங்கிருந்தீர்கள், கைப்பேசி யாரிடம் இருந்தது என்பதற்குச் சாட்சி தேடுங்கள். வாக்குமூலத்தின்போது, உங்களைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் மறுக்கலாம். கைது செய்தால் வழக்கறிஞரைக் கேளுங்கள். வசதி இல்லையென்றால், மலேசியக் குடிமக்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியம் உதவுகிறது.