கேபிள் மாற்றினால் பாட்டு மாறுமா?

கேள்வி: ஸ்பீக்கருக்கு விலை கூடிய கேபிள் வாங்கி மாட்டினேன். பல வருடமாகக் கேட்கிற பாட்டில், இதுவரை காதில் விழாத ஒரு வயலின் பின்னால் தெளிவாகக் கேட்கிறது. "எல்லாம் பிரமை" என்கிறான் நண்பன். நான் கேட்டது பொய்யா?

பதில்: பொய்யே இல்லை, வயலினைக் கேட்டீர்கள். ஆனால் அதைக் கொண்டுவந்தது கேபிள்தானா என்றால், அநேகமாக இல்லை என்பேன். புதிதாக ஒன்றை மாட்டிவிட்டு உட்காரும்போது யாரும் சும்மா கேட்பதில்லை, என்ன மாறியிருக்கிறது என்று தேடிக்கொண்டே கேட்கிறோம், நேற்றுவரை பாடகரின் குரலோடே போய்க்கொண்டிருந்த கவனம் இன்று குரலுக்குப் பின்னால் போய்த் துழாவுகிறது. அந்த வயலின் பதிவான நாளிலிருந்தே அங்கேதான் இருக்கிறது. பழைய கேபிளை மறுபடி மாட்டிப் பாருங்கள், இப்போது அதிலும் கேட்கும்.

பதிவான குரலையும் கருவிகளையும் சேர்த்துப் பாட்டாக்கும் மிக்ஸிங் வேலை செய்பவர்கள் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. கனத்த ஒலி, கீச்சொலி என்று தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரின் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார்கள், குரல் பளிச்சென்று ஆவது நன்றாகவே கேட்கும், அப்புறம் பார்த்தால் அந்த ஈக்வலைசர் பைபாஸில், அதாவது ஒலி அதன் வழியே போகாமலே, கிடக்கும். பழகிய காதுக்கே இப்படி என்றால் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சந்தேகம் தீர வேண்டுமா? நண்பரையே நாணயம் சுண்டிப்போட்டு, உங்களுக்குத் தெரியாமல் கேபிளை மாற்றச் சொல்லுங்கள். இரண்டிலும் சத்தம் ஒரே அளவில் இருக்கட்டும், ஏனென்றால் துளி சத்தம் கூடினாலே நமக்கு அது "தெளிவு" என்று தோன்றிவிடும். 16 முறையில் 12 முறையாவது சரியாகச் சொன்னால் நண்பர் தோற்றார்; வெறும் ஊகத்தில் அப்படி அமைய 4 சதவீத வாய்ப்புகூட இல்லை. 2007-ல் பிராட் மேயர், டேவிட் மோரன் என்ற இருவர் வெளியிட்ட சோதனை இதே வகைதான். உயர்தர டிஸ்கின் ஒலியை அப்படியேயும், சிடி தரத்துக்கு இறக்கியும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். கேட்டவர்களில் ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவர்களும் உண்டு. 554 முறையில் சரியாகச் சொன்னது 276, பாதிகூட இல்லை.

காசு செலவழிப்பதென்றால் ஸ்பீக்கருக்கும் அறைக்கும் செலவழியுங்கள். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்தாலே பேஸ், அதாவது தாழ்ந்த கனத்த ஒலி, மாறுவது தெரியும்.

கேள்வி: ராத்திரியில் சத்தத்தைக் குறைத்தால் பாட்டு சப்பென்று ஆகிவிடுகிறதே?

பதில்: நம் காது அப்படி. சத்தம் குறையக் குறைய, மற்ற ஒலிகளைவிட பேஸ்தான் அதிகமாக அமுங்கிப்போகும். 1933-லேயே ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் பேஸைத் தூக்கிக் கொடுக்கும் 'லவுட்னெஸ்' பட்டன் இருந்தது இதற்காகத்தான்.

கேள்வி: நல்ல கருவிகள் எல்லாம் வாங்கியாயிற்று, ஆனால் முன்பு போலப் பாட்டில் லயிக்க முடியவில்லை. ஏன்?

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்து உண்மையிலேயே வருத்தப்பட்டேன். ஒரு பாட்டில் அரை நிமிடம், இன்னொன்றில் அரை நிமிடம், பேஸ் சரியா, சிம்பல் என்ற தாளத்தட்டின் ஒலி கூசுகிறதா என்று பரிசோதித்துக்கொண்டே இருந்தால் பாட்டு எப்போது வந்து சேரும்? 2011-ல் மான்ட்ரியலில் ஓர் ஆய்வு நடந்தது. தங்களைச் சிலிர்க்க வைக்கும் இசையை ஆட்களே தேர்ந்தெடுத்துக் கேட்டார்கள். சிலிர்க்கும் இடத்தில் மட்டுமில்லை, அதற்குச் சில விநாடிகள் முன்பே, இதோ வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே மூளையில் டோபமைன் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புள்ள ரசாயனம் சுரந்தது. நீங்கள் நடுவிலேயே நிறுத்தி அடுத்த பாட்டுக்குத் தாவினால் அந்த எதிர்பார்ப்புக்கே இடமில்லை.

ஒரு மாதத்துக்கு எந்தக் கருவியையும் மாற்றாதீர்கள். ரிமோட்டைக் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டு, மனப்பாடமாகத் தெரிந்த ஒரு ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிவரை ஓடவிடுங்கள், அப்புறம் எழுதுங்கள்.