வாசகர் கேள்வி – பதில்: பந்து மேலே போனால் காலைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கிறோம். பதினொரு வயதாகும் என் மகள், சென்ற ஆண்டு பத்து வயதுக்கு உட்பட்டோர் சாஃப்ட்பால் (பேஸ்பாலைப் போன்ற, பந்தைக் கீழ்க்கையாக வீசும் ஆட்டம்) அணியில் நன்றாகப் பந்து வீசினாள். இந்த ஆண்டு பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் அணிக்கு மாறியதிலிருந்து, பாதிப் பந்துகள், எதிரே உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரின் தலைக்கு மேலே போகின்றன. "கொஞ்சம் முன்னதாகக் கையை விடு" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். தவறு எங்கே இருக்கிறது?

பதில்: உங்கள் மகள் கற்றதை மறந்துவிடவில்லை, அவளுடைய ஆட்டத்தின் அளவுகள்தாம் மாறிவிட்டன. பத்து வயதுப் பிரிவில் பொதுவாக 35 அடி தூரத்திலிருந்து 11 அங்குலச் சுற்றளவுள்ள பந்தை வீசுவார்கள். அடுத்த பிரிவில் தூரம் 40 அடி, பந்து 12 அங்குலம். பெரிய பந்தைச் சிறிய கையில் பிடித்துக்கொண்டு ஐந்தடி கூடுதலாகக் கடத்த வேண்டியிருக்கும்போது, பிள்ளைகள் தம்மை அறியாமலே காலை எட்டிப் போட்டு, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, தோளின் பலத்தால் பந்தைத் தூக்கி எறியத் தொடங்கிவிடுகிறார்கள். உடம்பு பின்னால் சாய்ந்திருந்தால், கை இடுப்பைத் தாண்டி மேலேறும் வேளையில்தான் பந்து விரல்களை விட்டு நீங்கும். பிறகு அது மேலே போகாமல் என்ன செய்யும்?

"முன்னதாக விடு" என்ற அறிவுரை பலிக்காததற்கும் இதுவே காரணம். கை முழுச் சுற்றாகச் சுற்றிவரும் வேகத்தில், பந்தை விடும் கணத்தை ஒரு குழந்தை யோசித்து மாற்ற முடியாது. மாற்றக்கூடியது அதற்கு முன்னால் நடப்பதை, அதாவது முன்கால் தரையில் ஊன்றும் விதத்தை.

அடுத்த பயிற்சியில் அவள் பத்துப் பந்து வீசியதும், பந்தை மறந்துவிட்டு மண்ணைப் பாருங்கள். வீச்சாளர் நின்று வீசும் ரப்பர் பட்டையிலிருந்து பின்காலின் பெருவிரல் இழுபட்டு வந்த தடம் மெல்லியதாக, அறுபடாமல் இருந்தால் நல்லது. உழுதது போல ஆழமாக இருந்தால் உடல் எடை பின்காலிலேயே தங்கிவிட்டது என்று பொருள். தடம் நடுவில் அறுந்து மறுபடி ஓரிடத்தில் குழி விழுந்திருந்தால், பின்காலைத் தூக்கி மீண்டும் ஊன்றி அங்கிருந்து உந்துகிறாள். அது விதிப்படியும் குற்றம், நடுவர் கவனித்தால் விடமாட்டார். முன்காலின் தடத்தையும் பாருங்கள். பாதம் நேராகக் கேட்சரை நோக்காமல், ஏறத்தாழ 45 பாகை திரும்பி விழுந்திருக்க வேண்டும். அப்போதுதான் முழங்கால் மடங்கிச் சரியாமல், உடம்பின் ஓட்டத்தைத் தடுத்து அந்த விசையைக் கைக்கு அனுப்பும்.

திருத்துவதற்கு 40 அடியிலிருந்து தொடங்காதீர்கள். 20 அடி தூரத்தில் வலை கட்டி, எட்டு வைக்காமல் கால்களை அகட்டி நின்றபடியே வீசச் சொல்லுங்கள். பிறகு ஒரு சிறிய எட்டு. பந்தை விட்டபின் மார்பு நிமிர்ந்திருக்க, முன்காலின் மேல் இரண்டு எண்ணும் வரை அவள் அசையாமல் நிற்க வேண்டும். நிற்க முடியவில்லையென்றால் காலடி மிக நீளம் என்று அர்த்தம். பந்து கைக்கு அடங்காவிட்டால், உள்ளங்கையில் பதிய வைக்காமல் நான்கு விரல்களாலும் பிடிக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: நான் தமிழ்நாட்டில் உடற்கல்வி ஆசிரியர். பந்தை விட்டதும் முழங்கையை மடித்துத் தோளுக்கு நேரே உயர்த்த வேண்டும் என்றே மாணவிகளுக்குச் சொல்லித்தருகிறேன். அது தவறு என்று இப்போது பலர் சொல்கிறார்களே?

பதில்: ஐயா, நானும் அப்படித்தான் கற்றேன், பல ஆண்டுகள் அப்படியே கற்பித்தும் இருக்கிறேன். ஆனால் முன்னணி வீராங்கனைகள் வீசுவதை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால் வேறொன்று தெரியும். முன்னங்கை இடுப்பை உரசும் கணத்தில் மேல்கை வேகம் குறைந்துவிட, முன்னங்கை சாட்டையின் நுனிபோல முன்னால் பாய்ந்து உட்புறமாகத் திரும்புகிறது. அதன்பின் கை தானாகவே தளர்ந்து ஓய்கிறது. முழங்கையை யாரும் வலிந்து உயர்த்துவதில்லை.

கைப்பேசியை மூன்றாம் பேஸ் பக்கம் (கேட்சரை நோக்கி நிற்கும் வீச்சாளருக்கு வலப்புறம்) வைத்து ஸ்லோமோஷனில் படம் பிடியுங்கள். வலக்கை வீச்சாளரின் கை பின்புறம் தரைக்கு இணையாக இறங்கும் இடத்தில் படத்தை நிறுத்தினால், உள்ளங்கை வானத்தையோ மூன்றாம் பேஸையோ நோக்கியிருக்க வேண்டும். தரையை நோக்கியிருந்தால் அவள் பந்தைத் தள்ளுகிறாள். அதன்பின் மணிக்கட்டை எவ்வளவு சுண்டினாலும் வேகம் கூடாது. ஒன்று மட்டும்: மாவட்டப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இதைத் தொடாதீர்கள். போட்டிகள் முடிந்த பிறகு, வலையை நோக்கி மெதுவாக வீசச் சொல்லித் தொடங்குங்கள்.

கேள்வி: கீழ்க்கை வீச்சு தோளைப் பாதிக்காது, எத்தனை பந்து வேண்டுமானாலும் வீசலாம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மையில்லை. கை முழுச் சுற்றுச் சுற்றி இறங்கும்போது தோள்மூட்டை வெளியே இழுக்கும் விசை மிகப் பெரியது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உவெனோ இரண்டு நாட்களில் மூன்று ஆட்டங்களில் 413 பந்துகள் வீசித் தம் நாட்டுக்குத் தங்கம் பெற்றுத் தந்ததை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அப்போது அவருக்கு 26 வயது, முதிர்ந்த உடல். பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. களைப்பு முதலில் கால்களில்தான் இறங்கும். காலடி குழைந்து, உடம்பு பின்னால் சாய்ந்து, மேலே சொன்ன அதே உயரப் பந்துகள் வரத் தொடங்கும். நன்றாக வீசிக்கொண்டிருந்தவள் மூன்று பந்துகளைத் தொடர்ந்து மேலே விட்டால், தவறைத் திருத்தப் போகாமல் ஆளை மாற்றுங்கள்.