பேய்க்கதை எழுதுபவர்கள் ஏன் கல்ட் படங்களையும் (ஒரு சிறு ரசிகர் கூட்டம் விடாமல் தூக்கிப்பிடிக்கும் படங்கள்) சிறு பதிப்பகப் புத்தகங்களையும் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

சொந்தக் காசில் பேய்க்கதை அச்சடிக்கும் பாம்பன்காரன் என்பதால் பதில் சொல்கிறேன். கையில் காசில்லாதவன் எப்படிப் பயமுறுத்தினான் என்பதை அங்கேதான் கற்றுக்கொள்ள முடியும்.

1968-இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்தைப் பாருங்கள். கறுப்பு வெள்ளை, ஒரு பண்ணை வீடு, வெளியே தள்ளாடி வரும் பிணங்கள், அவ்வளவுதான். படத்தின் பெயரை மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போய், அமெரிக்காவில் அது பொதுச் சொத்தாகிவிட்டது. எடுத்தவர்களுக்கு நஷ்டம், பாவம். ஆனால் யார் வேண்டுமானாலும் திரையிடலாம் என்பதாலேயே எங்கெங்கோ பரவியது. நம் பக்கம் எஸ். பாலசந்தரின் 'நடு இரவில்' (1970) இருக்கிறது: தீவில் ஒரு பங்களா, ஒவ்வொருவராகச் சாகும் சொந்தக்காரர்கள். புயல் கூண்டு ஏற்றிய இரவைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தத் தனிமையை யாரும் விளக்க வேண்டாம்.

சரி, புத்தகம்? தேவைக்கேற்ப நூறு, இருநூறு பிரதி போடுகிறவருக்குப் பெரிய கூட்டத்தைத் திருப்திப்படுத்தும் கட்டாயம் இல்லை. அதனால் மெதுவான, விநோதமான கதைக்கும் இடம் கிடைக்கிறது. 1964 டிசம்பர் புயலில் ரயிலையே கடல் கொண்டுபோன தனுஷ்கோடியைப் பற்றி எழுதும்போது நான் பேயையே கொண்டுவரவில்லை. இடிந்த தேவாலயச் சுவரில் மோதும் காற்று போதுமாக இருந்தது.

விற்காத பிரதிகள் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. உப்புக்காற்றில் அட்டை நெளிந்துவிட்டது. வாங்கிய ஒருவர் அதுவும் கதைக்குப் பொருத்தம்தான் என்றார்.