வயல் சந்தேகம்: பாகல்ல புழு, பையில காய் கம்மி

கேள்வி: நாகர்கோவில் பக்கம் 40 சென்ட்ல காய்கறி போட்டு, 15 குடும்பங்கள்ட்ட மாசப்பணம் முன்கூட்டியே வாங்கி சனிக்கிழமைதோறும் பை குடுக்கோம். பங்குனி வெயில்ல செடி வாடுது, பாகல் பிஞ்சுலயே பழுத்து உள்ள புழு. என்ன செய்ய?

பதில்: உச்சிக்கு இலை தொங்குதேன்னு பதறி தண்ணி விடாதீங்க, சாயந்திரம் தானா நிமிந்துரும், விடியக்காலையும் தொங்குனாதான் நெசமான தாகம். செடி மூட்டுல கதம்பையோ (தேங்கா மட்டை) தென்னை ஓலையோ பரத்துங்க, நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம்!

புழு வாறது பழ ஈயால. விழுந்த காய பொறுக்கி வரப்புல எறியாம (எல்லாரும் அதத்தான் செய்றாங்க) பாலித்தீன் கவர்ல கெட்டி வெயில்ல போடுங்க, ஏன்னா புழு மண்ணுக்குள்ள போய்தான் கூடுகட்டி மறுபடி ஈயா வரும். பிஞ்சுக்கு பேப்பர் உறை போடுங்க. ஈய பிடிக்க பொறி வாங்குனா க்யூ லூர்னு (பாகல் ஈய இழுக்குற வாசன மருந்து) கேளுங்க, கடைக்காரர் மாமர ஈக்குள்ள மீத்தைல் யூஜினால தந்துருவாரு, அது பாகல் ஈக்கு ஆவாது.

பை நிறையலன்னா 25 நாள்ல பறிக்கிற முளைக்கீரைய வாரம் ஒரு பாத்தி வீதம் விதைங்க, வெள்ளரியும் தடியங்காயும் (வெண்பூசணி) இந்த வெயிலுக்கு தாங்கும். காய் கொறையும்னு வீட்டுக்காரங்கள்ட்ட இப்பவே சொல்லிருங்க.